மே/பா கல்முனை

வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டு சேர்வரை ஓடவிட்டு, வேறு ஊர்களில் இருக்கும் கூட்டாளிமார் அதற்குள் வந்து ஆட வழிவிடுவதற்கு ‘போர்ட் ஃபோர்வர்டிங்’ என்று பெயர். அது சரிவராதபோது சொல்லப்படும் காரணம் எங்கும் ஒன்றுதான்: செய்தவருக்கு விஷயம் போதாது, ரவுட்டரில் எதையோ பிழையாக அழுத்திவிட்டார். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியோரம் நீளும் ஊர்களைப் பொறுத்தவரை இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கரையின் தொடர்பு வரலாற்றில் வெளியே பேசும் வசதி எப்போதும் முதலில் வந்திருக்கிறது. வெளியார் வீட்டைத் தேடி உள்ளே வரும் வசதியோ பிந்தி வந்தது, பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது, சில நேரம் கொடுத்தபின் திரும்பவும் வாங்கப்பட்டது. கேம் சேர்வர் போட முயலும் ஒருவர் முட்டிக்கொள்வது இந்தப் பழைய சுவரில்தான்.

வேலை என்னவென்று கிட்டப்போய்ப் பார்ப்போம். வீட்டு ரவுட்டர் தனக்கு 192.168.1.1 என்றும், கணினிக்கு 192.168.1.5 என்றும் இலக்கம் வைத்துக்கொள்கிறது. இவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் செல்லப்பெயர்கள். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டருக்குக் கம்பனி கொடுத்த ஒரேயொரு இலக்கம். உள்ளிருந்து யாராவது வெளியே கேட்டால், யார் கேட்டார் என்று ரவுட்டர் குறித்துவைத்து, பதில் வந்ததும் அவரிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டும் செய்தியை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. ஆகவே தூக்கி எறிந்துவிடும். போர்ட் ஃபோர்வர்டிங் என்பது ரவுட்டருக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கும் ஒரு வரி: மைன்கிராஃப்டின் 25565 என்ற டிசிபி இலக்கத்துக்கோ, கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் 27015 என்ற யூடிபி இலக்கத்துக்கோ யார் வந்தாலும் நேரே 192.168.1.5இடம் அனுப்பு. கணினியின் செல்லப்பெயர் நாளைக்கு மாறாதபடி கட்டிவைக்க வேண்டும், விண்டோஸின் ‘ஃபயர்வோல்’ காவலில் ஒரு அனுமதி கொடுக்க வேண்டும், பிறகு வெளியே வேறொரு இணைப்பிலிருந்து சோதிக்க வேண்டும். கைவேலை இவ்வளவே. படித்துச் செய்தால் அரை மணித்தியாலம். (காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்றவர். அவர் ஊரைச் சுற்றியிருப்பவர்களும் இந்த வேலைக்கு ஆங்கிலப் பெயரையே சொல்கிறார்கள். ‘போர்ட்’ என்றதும் துறைமுகம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பொருந்துவது வாசல். இந்தப் பக்கத்துச் சொல்லில் கடப்பு.)

இந்த ஏற்பாட்டை ரவுட்டர் வருவதற்கு முன்பே இந்தக் கரை அறிந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பலவற்றில், ஒழுங்கைக்குள் இலக்கமில்லாத வளவின் விலாசத்துக்குப் பதில் பிரதான வீதியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடையின் பெயர் இருக்கும். முன்னால் ‘மே/பா’, அதாவது மேற்பார்வை, என்று இரண்டெழுத்து. தொலைபேசி வந்தபோதும் இதே கதைதான். வீட்டுக்கு இணைப்புக் கேட்டு எழுதிப்போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் ‘கொமியூனிகேஷன்’ கடைகள் முளைத்தன. மரப்பலகை அடைத்த சிறு கூடு, நிமிடத்தை எண்ணும் மானி, வெளியே ஐடிடி என்று பெரிய எழுத்து. காசு இருந்தால் யாரும் உள்ளே போய் ரியாத்துக்கோ தோஹாவுக்கோ கோல் எடுக்கலாம். ஆனால் ரியாத்திலிருந்து ஒரு மகன் உம்மாவோடு பேச வேண்டுமானால்? அவர் கடை இலக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கச் சொல்லி வைத்துவிட்டு, ஒரு பொடியனைச் சைக்கிளில் அனுப்புவார். அவன் கடப்படியில் நின்று “உம்மாக்கு சவூதிலிருந்து கோல் வந்திரிக்கி, கெதியா வரட்டாம்” என்று கூப்பிடுவான். வெளியுலகுக்கு ஒரே இலக்கம், உள்ளே எண்ணற்ற வீடுகள், எந்த அழைப்பு எந்த வளவுக்கு என்று கடைக்காரரின் மனதில் ஒரு பட்டியல். ரவுட்டரின் போர்ட் ஃபோர்வர்டிங் பக்கத்தில் நாம் எழுதும் வரி இதைத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரருக்குத் தன் இலக்கத்தின்மேல் முழு உரிமை இருந்தது. அது இல்லையென்றால் சைக்கிள் பொடியன் இருந்தும் பயனில்லை.

குரல் உலகில் இந்தச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. கையடக்கத் தொலைபேசி இலங்கைக்கு 1989இலேயே வந்தது என்றாலும், நீண்டகாலம் வரும் அழைப்புக்கும் காசு கழிந்தது. தேடப்படுவதற்கே கட்டணம் இருந்த காலம் அது. வாசலை வீட்டுக்குக் கொண்டுவந்தது கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசி. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரையோர வரிசைகளே இல்லாமற்போயின. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கக் காத்திராமல், அடுத்துவந்த ஆண்டுகளில் மேசைமேல் வைக்கும் சிடிஎம்ஏ பெட்டிகள் நாடெங்கும் பரவின. கல்முனைப் பிராந்தியத்துக்கு 067 என்று தனிக் குறியீடு உண்டு; அதன்பின் ஏழு இலக்கங்கள். ஒரு வீட்டின் பெயருக்கு ஒரு முழு இலக்கம், வரும் அழைப்புக்குக் காசில்லை, இடையில் கடையில்லை. கொமியூனிகேஷன் கடைகளின் கூடுகள் போட்டோப் பிரதிக்கும் ரீலோடுக்கும் மாறின. தொலைபேசி இலக்கங்கள் தீர்ந்துபோனால் ஒரு இலக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால்தான் இது நடந்தது. இலங்கை அப்படி நீட்டிக்கொண்ட நாடு.

இணையத்தில் அப்படி நீட்ட இடமில்லை. 1981 செப்டம்பரில் வகுத்த விதிப்படி ஒரு விலாசத்துக்கு 32 பிட். மொத்தம் 4,294,967,296. அன்றைக்கே உலக மக்கள் அதைவிட அதிகம். பங்கீடோ இதைவிடக் கொடுமை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் ஃபோர்ட் மோட்டார் கம்பனிக்கும் ஆளுக்கு 16,777,216 விலாசங்கள் ஆரம்ப நாட்களிலேயே ஒதுங்கிவிட்டன. தட்டுப்பாடு வருவது தெரிந்து, 1994 மே மாதம், ஒரே வெளி இலக்கத்தைப் பலருக்குப் பயன்படுத்தும் ‘நாட்’ எனப்படும் மாற்று முறையை எழுதியவர்கள் அதைக் குறுகியகால ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். 192.168 போன்ற செல்லப்பெயர்களுக்கான விதி 1996இல் நிலைப்படுத்தப்பட்டது. இலங்கையில் வணிக இணையம் தொடங்கியது இதற்கு நடுவில், 1995இல். ஆக, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்த அதே ஆண்டில் இணையம் கொழும்புக்கு வந்தது. அந்த இணையத்தின் பெரிய விலாசக் கட்டுகள் பல அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டிருந்தன.

இருந்தும் ஒரு சிறு இடைவெளி திறந்தது. 2003இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் ஏடிஎஸ்எல் கொடுக்கத் தொடங்கியது. செப்புக் கம்பி வீட்டுக்கு வந்திருந்தால், அதே கம்பியில் வெளியுலகுக்குத் தெரியும் விலாசம் ஒன்றும் வந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறிவிடும் விலாசம்தான். ஆனாலும் உண்மையான விலாசம். மாறும் இலக்கத்தைத் துரத்திப் பிடித்து ஒரு பெயரில் கட்டிவைக்கும் இலவச சேவைகளும் இருந்தன. அவற்றில் பேர்போன ‘டின்’ 2014இல் இலவசத்தை நிறுத்தியது. இந்த இடைவெளியையும் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஏடிஎஸ்எல்லின் பெயரிலேயே, முதலெழுத்தான ‘ஏ’யில், சமமின்மை இருக்கிறது. ஆரம்ப வீட்டுப் பொதியில் இறங்குவேகம் செக்கனுக்கு 512 கிலோபிட், ஏறுவேகம் 128. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரு ஆட்டக்காரருக்கு, டயல்-அப் காலத்துச் சிக்கன அளவில், செக்கனுக்கு 2,500 பைட் கொடுத்தாலும் 20 கிலோபிட் போகும். ஆறு பேர் வந்தால் கம்பி நிறைந்துவிடும். ஏழாவது ஆள் வந்தால் எல்லோரும் தடுமாறுவார்கள். கம்பியை வடிவமைத்தவர்கள் வீட்டை நுகர்வோனின் இடமாகவே நினைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த நான்குக்கு ஒன்று என்ற விகிதமே சாட்சி. இருந்தாலும் ஆறு பேர் ஆடலாம். ஒரு கடப்பு திறந்திருந்தது.

இங்கேதான் காலக்கணக்கு இந்தக் கரைக்கு எதிராகத் திரும்புகிறது. கிழக்கில் சண்டை ஓய்ந்தது 2007இல், நாடு முழுவதும் 2009 மே மாதத்தில். வீதிகள் அகன்று, வங்கிகள் வந்து, வீட்டு இணைப்பு ஒரு சாதாரணப் பொருளாகியது அதற்குப் பின்னர்தான். 2011 பெப்ரவரி 3இல் உலகக் களஞ்சியத்திலிருந்த கடைசி விலாசக் கட்டுகள் பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் 15இல் ஆசிய பசிபிக் பதிவகத்தின் கையிருப்பும் கடைசிக் கட்டுக்கு வந்தது. அப்போதைய விதிப்படி அந்தக் கட்டிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் அதிகபட்சம் 1,024. கல்முனையின் ஒரு பெரிய ஒழுங்கைத் தொகுதிக்கே அது காணாது. மைன்கிராஃப்ட் முழுமையாக வெளியானது அதே ஆண்டு நவம்பரில். வீட்டில் சேர்வர் போடும் ஆசையை ஒரு தலைமுறைக்கே ஊட்டிய விளையாட்டு அது. ஆசை வந்த ஆண்டும் விலாசம் தீர்ந்த ஆண்டும் ஒன்று. 2013 அளவில் 4ஜி வீட்டுப் பெட்டிகள் வந்தபோது, கம்பி வராத வீடுகளுக்கு அவை வரப்பிரசாதமாக இருந்தன. ஆனால் அலைவழி இணைப்புகளுக்கு உலகெங்கும் பொதுவாக நடப்பதுபோல, பல வீடுகளை ஒரே வெளி விலாசத்துக்குப் பின்னால் நிறுத்தும் பெரிய நாட் கம்பனியிலேயே இருந்தது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையான இலக்கங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு விலாசத்தில் 65,536 போர்ட்கள். வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்தால் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் ஒரு விலாசத்தில் நெருக்கியடித்து இருக்கலாம். அந்த அறுபதில் 25565 என்ற கதவு ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது? கம்பனி யாருக்கும் கொடுப்பதில்லை. வீட்டு ரவுட்டரில் எத்தனை வரி எழுதினாலும், சைக்கிள் பொடியன் தயாராக நிற்பான். கோல்தான் கடைக்கு வராது.

உள்ளே எல்லாம் தயார், வாசல் மட்டும் அடைப்பு என்றதும் இதே கரையிலுள்ள ஒலுவில் துறைமுகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கரையின் அரசியல் மகன் எம்.எச்.எம். அஷ்ரஃப் 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். ஒலுவிலில் துறைமுகம் என்பது அவர் கனவு. 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்து, பல ஆண்டு கழித்து 2013இல் அது திறக்கப்பட்டது. மேடை, அலைதடுப்பு, வெளிச்சவீடு எல்லாம் உண்டு. வாயில் மண் அடைந்துகொண்டது. உள்ளே நாம் எவ்வளவு சரியாகக் கட்டினாலும், வாயைத் திறந்து வைத்திருப்பது வேறு சக்திகளின் கையில் இருக்கிறது. உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். ஒலுவிலில் கரை அரித்துப்போன மீனவருக்கு இது விளையாட்டுக் காரியமும் இல்லை.

இதற்கு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு: தொலைபேசிக்கு இலக்கம் கூட்டியதுபோல இணையத்துக்கும் கூட்டிவிட்டார்களே, இணைய விலாச விதியான ஐபியின் ஆறாம் பதிப்பு 1998 டிசம்பரிலேயே எழுதப்பட்டது, 128 பிட் நீளம், இலங்கை வலையமைப்புகளிலும் ஓடத் தொடங்கிவிட்டது, பிறகென்ன? உண்மை. விலாசப் பஞ்சம் அங்கே இல்லை. ஆனால் பழைய விலாசமும் புதிய விலாசமும் நேரடியாகப் பேசிக்கொள்ளா. வீட்டுக்கு ஆறாம் பதிப்பு கிடைத்தாலும், தோஹாவில் தங்குமிட வைஃபையில் இருக்கும் காக்காவுக்கு அது இல்லையென்றால் ஆட்டம் இல்லை. அதோடு பல பெட்டிகள் ஆறாம் பதிப்பில் வெளியிலிருந்து வருவதை முன்னிருப்பாகவே மறிக்கின்றன. சிலவற்றில் அதைத் திறக்க ஒரு பக்கம்கூடக் காணோம். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் குறுகியகால ஏற்பாடு என்று சொன்னதே நிலைத்துநிற்கிறது என்றால், உள்ளே வரும் பாதை யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை என்றுதான் நான் வாசிப்பேன். வெளியே போகும் பாதை இப்படி அடைபட்டிருந்தால் ஒரு வாரம் பொறுத்திருப்பார்களா?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. வீட்டில் சேர்வர் எதற்கு? சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தால் மின்வெட்டும் இல்லை, வேகமும் கூட. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்டில் வீட்டு சேர்வரைப் பற்றிப் பேசுவதே வேடிக்கை என்பார்கள். மின்சாரத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே ஆண்டு வாடகையின் கதை என்ன? மைன்கிராஃப்டின் சொந்த வாடகை சேர்வர் அப்போது மாதம் 7.99 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 1,600க்குச் சற்றுக் குறைவு. அது 360ஐத் தொட்டபோது கிட்டத்தட்ட 2,900. சேவையும் அதே, விளையாட்டும் அதே. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இசையும் அட்டை ஒன்றும் வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது வாப்பாவின் தயவு. தூரத்தையும் பாருங்கள். சாய்ந்தமருதில் இருப்பவரும் கல்முனைக்குடியில் இருப்பவரும் அடுத்தடுத்த ஊர்; அவர்கள் சந்திக்கும் மேடை சுமார் 2,500 கிலோமீற்றருக்கு அப்பால். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 25 மில்லிசெக்கன் என்பது இயற்கை விதிக்கும் குறைந்தபட்ச வரி, மற்றத் தாமதங்கள் அதற்கு மேல். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச சிங்கப்பூர்க் கடைக்குப் போய்வருவதை முன்னேற்றம் என்று சொல்லலாம். கொமியூனிகேஷன் கடை என்றும் சொல்லலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. வாசலைத் திறந்தால் கள்ளனும் வருவான் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. 2016இல் இணையத்தின் பெரும் பகுதியைத் தள்ளாடவைத்த ‘மிராய்’ தாக்குதலின் வேரில் இருந்ததே மைன்கிராஃப்ட் சேர்வர் வியாபாரப் போட்டிதான். அதை எழுதிய அமெரிக்க இளைஞர்கள் அந்தத் தொழிலில் கிடந்தவர்கள். அக்டோபர் 21இல் அதே ஆயுதம் மேலே சொன்ன டின் நிறுவனத்தைத் தாக்கியபோது பெரிய பெரிய தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமற்போயின. ஆனால் மிராய் எதன் வழியாகப் பரவியது என்று கேட்க வேண்டும். உற்பத்தியாளர் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல், உரிமையாளர் அறியாமலே திறந்துகிடந்த கமராக்களும் ரவுட்டர்களும் அதற்கு இரையாயின. தெரிந்து ஒரு கதவைத் திறந்து, அதன்பின் இருப்பதைப் புதுப்பித்து வைத்திருப்பவரும், தெரியாமல் எல்லாவற்றையும் திறந்துவைத்திருப்பவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். கள்ளன் பயத்துக்குக் கடப்பில் படலை போடுவது வழக்கம்; கடப்பையே அடைத்து மதில் எழுப்பிவிட்டு இது உன் நன்மைக்கு என்று சொல்வது வேறு காரியம். கம்பனிகள் நாட் போட்டது விலாசம் இல்லாததால். பாதுகாப்பு அதற்குப் பின்னால் ஒட்டிய பெயர்ச்சீட்டு.

சுவரைச் சுற்றிப்போகும் வழிகளும் வந்திருக்கின்றன. 2004இல் வந்த ‘ஹமாச்சி’ முதல் இன்றைய ‘டெயில்ஸ்கேல்’, ‘பிளேஇட்’ வரை எல்லாமே ஒரே உத்தி: உள்ளிருந்து வெளியே ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வரும் செய்தியை வெளியே இருக்கும் ஒரு இடைத்தரகர் வாங்கி அதன் வழியாக அனுப்புவார், அல்லது இரு பக்கத்தையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்குவார். நன்றாகவே வேலை செய்கிறது. வேறு வழியில்லாத வீட்டுக்கு நானும் இதையே சொல்வேன். ஆனால் அதை என்னவென்று அழைப்பது என்பதில் குழப்பம் வேண்டாம்: அது மே/பா. கடை மூடினால் கடிதம் வராது.

இன்னொன்றும் உண்டு, இந்தக் கரைக்கே உரியது. இங்கே வீடு மகளுக்குப் போகும். மணமுடித்த மகன் மனைவி வீட்டில் குடியேறுவான். உம்மாவின் வீட்டில் ஏடிஎஸ்எல் காலத்தில் கடப்பைத் திறந்து ஆறு பேரை ஆடவைத்தவன் இன்று மாமியின் வீட்டில், அவர் பெயரில் எடுத்த 4ஜி பெட்டிக்குப் பின்னால் இருக்கலாம். கணினியைத் தூக்கிக்கொண்டு போகலாம், விலாசம் கூட வராது. அவன் மறுபடி தொடங்குவதாக இருந்தால் போர்ட் பக்கத்துக்குப் போக முன்னர் ரவுட்டரின் நிலைமைப் பக்கத்தில் ‘வான்’ (WAN) என்ற வரியைப் பார்க்கட்டும். அங்கே இருக்கும் இலக்கமும், வெளியே ஒரு தளம் உன் விலாசம் இது என்று காட்டும் இலக்கமும் ஒன்றாக இருந்தால் அரை மணித்தியால வேலை. வான் வரி 10இலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையிலோ தொடங்கினால் ரவுட்டரை மூடிவிட்டு, கம்பனிக்கு கோல் எடுத்து, வெளி விலாசம் ஒன்றுக்கு மாதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரிக்கலாம். அந்தக் கோல் மட்டும் உடனே போகும்.